காலுக்கு வழி சொல்லும் கட்டடம்

திருப்பூர் எழுப்ப வேண்டிய காட்சிச்சாலை

பொருட்காட்சிச் சாலை என்றால் நம் ஜனங்கள் அங்கே வைத்திருக்கும் பொருள்களையே நினைக்கிறார்கள். சிலை எத்தனை, செப்பேடு எத்தனை, நாணயம் எத்தனை என்பதே பேச்சு. அப்பொருள்களைத் தாங்கி நிற்கும் கட்டடத்தைப் பற்றி நினைப்பவர் மிகச் சிலர். ஆயினும் பார்க்க வருபவன் எந்தப் பக்கம் திரும்புகிறான், எங்கே நிற்கிறான், எதைக் காணாமலே போய்விடுகிறான் என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது கட்டடமே. வாசல் ஒரு கட்டளை. படி ஒரு கட்டளை. சுவரில் வெட்டிய வழியும் ஒரு கட்டளை. இக்கட்டளைகள் வாய் திறந்து சொல்லப்படுவதில்லை. ஆதலால் அவற்றை மறுக்க வேண்டும் என்ற எண்ணமும் எவருக்கும் எழுவதில்லை.

இது சிற்பிகளும் இஞ்சினீயர்களும் மட்டும் ஆராய வேண்டிய விஷயம் என்று தள்ளிவிடலாகாது. ஒரு தேசத்தின் சரித்திரத்தை ஓர் அறையில் தொடங்கி மற்றோர் அறையில் முடிக்கும்போது, எது முதல், எது முடிவு, எது ஓரம் என்பதைக் கட்டடம் நிர்ணயித்துவிடுகிறது. யாருடைய கதை நடுக்கூடத்தில் நிற்கும், யாருடைய கதை மாடிப்படியின் அடியில் ஒதுங்கும் என்பது ராஜீய விஷயமேயாகும். நொய்யல் கரையிலே பருத்தியும் கதரும் பனியனுமாக நூறாண்டுச் சரித்திரத்தைச் சேர்த்து வைத்திருக்கும் திருப்பூர், தன் கதையைத் தானே சொல்லும் ஒரு பெருங் காட்சிச்சாலையை எழுப்ப முற்படுமானால், இதனை முதலில் யோசிக்க வேண்டும்.

கால்கள் சொல்லும் சாட்சி

காட்சிச்சாலையில் மனிதன் எப்படி நடக்கிறான் என்பதைக் கணக்கெடுத்துப் பார்த்தவர்கள் அமெரிக்கர். பாஸ்டன் நகரத்துக் கலைக் காட்சிச்சாலையின் காரியதரிசியாயிருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், 1916-ம் வருஷத்தில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு மனிதனைக் கண்ணாடிப் பெட்டிகளின் முன் நிறுத்தி, அவற்றுள் இருப்பதைப் பார்க்க அவன் குனிவதையும், முழந்தாளிடுவதையும், கழுத்தை முறிப்பதையும் படம் பிடித்து அவர் காட்டினார். காட்சிச்சாலையில் உண்டாகும் களைப்புக்குக் காரணம் பார்ப்பவனுடைய சோம்பல் அன்று; பொருளை வைத்த முறையே என்பது அவர் முடிவு.

பின்னர் எட்வர்ட் ராபின்ஸன், ஆர்தர் மெல்ட்டன் என்ற இரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள், பார்வையாளர்களுக்குத் தெரியாமலே அவர்களைப் பின்தொடர்ந்து, எங்கே எத்தனை விநாடி நின்றார்கள் என்று குறித்தார்கள். மெல்ட்டன் 1935-ல் வெளியிட்ட நூலில் இரண்டு உண்மைகள் நம் கவனத்திற்குரியவை. அறைக்குள் நுழைந்தவர்களில் பெரும்பாலோர் வலக்கைப் பக்கம் திரும்பினார்கள் என்பது ஒன்று. வெளியேறும் வழி கண்ணில் பட்டவுடன் கால்கள் அதை நாடிச் சென்றன என்பது மற்றொன்று. அறையில் வாசல் ஒன்று கூடினால் பொருள்களைப் பார்க்கும் நேரம் குறைந்தது. அவ்வாசலுக்கு அப்பால் இருந்த சுவர், என்ன சிறந்த ஓவியத்தைத் தாங்கியிருந்தாலும், அநாதையாகக் கிடந்தது.

வலப்பக்கம் திரும்புவது மனித சுபாவம் என்று இதைக் கொண்டு முடிவு கட்டுவது அவசரமாகும். நம் நாட்டுக் கால்களுக்கு வேறு பழக்கம் உண்டு. கிழக்குக் கோபுர வாசலில் நுழையும் பக்தன் இடக்கைப் பக்கம் திரும்பித் தெற்குப் பிராகாரத்தில் நடக்கத் தொடங்குகிறான். மூலஸ்தானம் எப்பொழுதும் அவன் வலக்கைப் பக்கமே இருக்கும். இதைத்தான் வலம் வருதல் என்கிறோம். தெருவிலும் நாம் இடப்பக்கமாகவே செல்கிறோம். இப்படிப் பழகிய ஜனங்கள் காட்சிச்சாலையில் எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்பதை அமெரிக்கப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. நம்மவர் ஒருவர் நோட்டுப் புத்தகமும் கையுமாக ஒரு காணும் பொங்கலன்று வாசலில் நின்று எண்ண வேண்டும். அவ்விதம் எண்ணாமல் எழுப்பும் கட்டடம் அளவெடுக்காமல் தைத்த சட்டைக்கு ஒப்பாகும். இதைத் திருப்பூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

சென்னையின் "செத்த காலேஜ்"

சென்னை மியூஸியம் 1851-ல் டாக்டர் எட்வர்ட் பால்போர் பொறுப்பில் கல்லூரிச் சாலையில் தொடங்கி, சில வருஷங்களில் எழும்பூர்ப் பாந்தியனுக்குக் குடிபெயர்ந்தது. பட்டணத்துச் சாமானிய ஜனங்கள் அதற்கு இட்ட பெயர் "செத்த காலேஜ்". மிருகக்காட்சி சாலைக்கு இட்ட பெயர் "உயிர் காலேஜ்". மிருகக்காட்சி சாலையும் 1855-ல் மியூஸியம் வளாகத்திலேயே பிறந்ததுதான். பின்னரே பீப்பிள்ஸ் பார்க்குக்குச் சென்றது. பெயரில் பரிகாசம் இருந்தபோதிலும் ஜனங்கள் இரண்டுக்கும் மொய்த்தார்கள். எழுத்தறியாத விவசாயி கட்டுச்சோற்று மூட்டையோடு மியூஸியத்துக்கு வந்து திமிங்கிலத்தின் எலும்பைக் கண்டு அதிசயித்தான். அவன் வரையில் அது கல்லூரியே.

ஆனால் அந்தக் கல்லூரியின் அமைப்பைக் கவனியுங்கள். பதினாறு ஏக்கருக்கு மேற்பட்ட வளாகம், ஆறு கட்டடங்கள், நாற்பதுக்கு மேற்பட்ட கூடங்கள். அவை ஒரே சமயத்தில் ஒரே யோசனையோடு எழுந்தவையல்ல. பாந்தியன் ஒரு காலத்தது; கன்னிமாரா நூல்நிலையம் 1896-ல் திறக்கப்பட்டது; செந்நிறக் கல்லில் முகலாயச் சாயலோடு நிற்கும் விக்டோரியா மண்டபம் 1909-ல் முடிந்தது. ஒவ்வொரு துரையும் தத்தம் காலத்தில் ஒன்றைச் சேர்த்தார். ஆதலால் கூடத்துக்குக் கூடம் கதை தொடர்வதில்லை. முன் கட்டடத்திலேயே அமராவதிச் சிற்பங்களையும் பிராணிகளையும் பார்த்துக் களைத்தவன், சோழர் காலத்து நடராஜ விக்கிரகங்கள் வேறொரு கட்டடத்தில் இருக்கின்றன என்பதையே அறியாமல் வெளியேறிவிடக் கூடும். உலகப் பிரசித்தி பெற்ற செப்புத் திருமேனிகளுக்கும் தமிழ்நாட்டுக் குடியானவனுக்கும் இடையே நிற்கும் தடை காவற்காரனும் அல்ல, கட்டணமும் அல்ல. ஒரு வெற்று முற்றமும், எந்தப் பக்கம் போவது என்ற தயக்கமும்தான் தடை.

ஒற்றை நூல் போன்ற வழி

இக்குழப்பத்தைத் தவிர்க்கச் சிலர் ஒரே வழியாக அமைத்தார்கள். நியூயார்க்கில் 1959-ல் திறந்த குக்கன்ஹைம் காட்சிச்சாலை இதற்குப் பெயர் பெற்றது. பிராங்க் லாய்ட் ரைட் என்ற சிற்பி அதைச் சங்கைப் போலச் சுருட்டி அமைத்தார். மின்தூக்கியில் உச்சிக்கு ஏறி, சரிந்து இறங்கும் பாதையில் சுற்றிச் சுற்றிக் கீழே வர வேண்டுமென்பது அவர் எண்ணம். வழி தவற முடியாது என்பது அதன் சிறப்பு. நின்று திரும்பிப் பார்க்கவும் மனம் வராது என்பது அதன் குறை. சரிவுப் பாதை காலைக் கீழ் நோக்கியே இழுக்கிறது.

ஒற்றை வழி எப்பொழுதும் கெட்டது என்று சொல்வதற்கில்லை. 1959 ஏப்ரல் 15-ல் ஜவஹர்லால் நேரு திறந்துவைத்த மதுரைக் காந்தி நினைவுக் காட்சிச்சாலையை எடுத்துக்கொள்வோம். ராணி மங்கம்மாளின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் தமுக்கம் அரண்மனையில் அது இருக்கிறது. அங்கே வருபவன் முதலில் தேசத்தின் போராட்டத்தைப் படங்களில் காண்கிறான். அடுத்து மகாத்மாவின் வாழ்க்கையைக் காண்கிறான். அதன் பின்னரே அவர் உபயோகித்த பொருள்களையும், 1948 ஜனவரி 30-ல் அவர் அணிந்திருந்த இரத்தக்கறை படிந்த துணியையும் காண்கிறான். இந்த வரிசையை மாற்றி, துணியை வாசலில் வைத்திருந்தால் அது ஒரு பயங்கர வேடிக்கைப் பொருளாகியிருக்கும். நீண்ட வழி நடந்து வந்தவனுக்கு அது தன் வீட்டுச் சாவு. மதுரைக்கு இந்த ஒற்றை வழி பொருந்தியதன் காரணம் தெளிவு. அது ஒரு வாழ்க்கையின் கதை. வாழ்க்கைக்கு ஆதியும் அந்தமும் உண்டு. ஓர் ஊரின் தொழிற்கதைக்கு அவ்வளவு எளிதான ஆதியும் இல்லை. அந்தம் இருக்கவும் கூடாது.

ஊடும் பாவுமான வழி

அதே மகாத்மாவுக்கு சபர்மதிக் கரையில் எழுந்த நினைவுச்சாலை வேறு விதமானது. 1930-ல் அவர் தண்டி யாத்திரைக்குப் புறப்பட்ட அதே ஆசிரமத்தில், சார்லஸ் கொரியா என்ற இளம் சிற்பி அமைத்த அக்கட்டடத்தையும் நேருவே 1963 மே 10-ல் திறந்துவைத்தார். ஆறு மீட்டர் சதுரமான கூறுகள் 51, செங்கல் தூண், ஓட்டுக் கூரை, கண்ணாடி இல்லாத மரப்பலகைச் சன்னல். சில சதுரங்கள் சுவர் அடைத்த அறைகள். சில திறந்த தாழ்வாரங்கள். ஒன்றில் நீர் நிறைந்த தொட்டி. இன்ன அறையிலிருந்து இன்ன அறைக்குத்தான் போக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் அங்கே இல்லை. கடிதங்கள் இருக்கும் அறையிலிருந்து வெளியே வந்தால் காற்று. சிறிது அமர்ந்தால் நிழல். எழுந்தால் மற்றோர் அறை. கிராமத்துத் தெருவில் நடப்பது போன்ற நடை அது.

இதனை ஊடும் பாவும் என்று சொன்னால் நெசவு அறிந்தவர்க்கு உடனே விளங்கும். குறுக்கும் நெடுக்கும் சமமாக ஓடும் இழைகளில் எந்தக் கட்டத்திலும் நிற்கலாம், எந்தப் பக்கமும் திரும்பலாம். தேவையானால் ஓரத்தில் இன்னும் நாலு சதுரம் சேர்க்கலாம், கட்டடம் கெடாது. அடக்கமான மனிதரின் நினைவை அடக்கமான கட்டடம் காக்கிறது என்பதோடு, தன் வழியைத் தானே தேட வேண்டும் என்ற அவருடைய உபதேசத்தையும் காலுக்குக் கற்பிக்கிறது.

தமிழ்நாட்டிலும் அண்மையில் இத்தகைய முயற்சி நடந்திருக்கிறது. சிவகங்கை ஜில்லா கொந்தகையில் சுமார் 18 கோடி ரூபாய்ச் செலவில் எழுந்து, 2023 மார்ச் 5-ல் திறக்கப்பட்ட கீழடிக் காட்சிச்சாலை, செட்டிநாட்டு வீட்டின் பாணியில் அமைந்தது. திண்ணை, முற்றம், தூண் வரிசை, ஓட்டுக் கூரை எல்லாம் அங்கே உண்டு. வேளாண்மையும் நீரும் ஓரிடம், மட்கலம் ஓரிடம், நெசவும் அணியும் ஓரிடம், கடல் வாணிபம் ஓரிடம் என்று தனித்தனிக் கட்டுகளாகப் பிரித்து, இடையே வெயிலும் வானமும் தெரியும்படி விட்டிருக்கிறார்கள். வெளியூர்க் கிழவி ஒருத்தி அங்கே நுழைந்தால் கச்சேரிக்குள் நுழைந்தது போல மிரள மாட்டாள்; பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தது போல நடப்பாள். தெரிந்த கட்டட பாஷையில் தெரியாத சரித்திரத்தைச் சொல்வது அந்த அமைப்பின் வெற்றி.

வாசலுக்கு வெளியே

ஆனால் எந்தக் கட்டடமும் எல்லாவற்றுக்கும் முன்னே தீர்மானிப்பது ஒன்று உண்டு: யார் உள்ளே வரலாம் என்பது. 1939 ஜூலை 8-ல் வைத்தியநாதய்யர் ஹரிஜன சகோதரர்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாக்ஷி கோயிலுக்குள் சென்ற நாளை நம் நாடு மறக்கவில்லை. அன்று மாறியது கோயிலின் கட்டடம் அன்று; வாசலின் பொருள்தான். சட்டத்தால் அடைக்கப்பட்ட வாசல்கள் திறந்துவிட்டன. மனத்தால் அடைபட்ட வாசல்கள் பல இன்னும் இருக்கின்றன. உயர்ந்த படி, கண்ணாடிக் கதவு, சீருடைக் காவலர், பை சோதனை இவையெல்லாம் சேர்ந்து, "இது உனக்கு உரிய இடமன்று" என்று உழைப்பாளியிடம் சொல்கின்றன. அவன் தெருவோடு போய்விடுகிறான்.

இதற்குப் பரிகாரம் கண்டவர் நந்தலால் போஸ். 1936 டிசம்பரில் பெய்ஸ்பூர் என்ற கிராமத்தில் காங்கிரஸ் கூடியபோது, காந்தியடிகளின் விருப்பப்படி மூங்கில் முதலிய உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டே அவர் நகரை அலங்கரித்தார். 1938-ல் ஹரிபுரா காங்கிரஸுக்கு வேண்டிய சித்திரங்களை அவரும் அவருடைய சாந்திநிகேதன் மாணாக்கரும் நூற்றுக்கணக்கில் தீட்டினார்கள். நூல் நூற்பவள், பஞ்சு கொட்டுபவன், தச்சன், சக்கிலியன், மத்தளம் அடிப்பவன் என்று கிராமத்து உழைப்பாளிகளே அச்சித்திரங்களின் நாயகர்கள். அவற்றைப் பந்தலுக்குள் பூட்டி வைக்காமல் வாசல்களிலும் கூடாரங்களிலும் வழிகளிலும் தொங்கவிட்டார்கள். சித்திரத்தைப் பார்க்க எவரும் எங்கும் நுழைய வேண்டியிருக்கவில்லை, நடந்தால் போதும். தேசீய இயக்கம் நமக்குத் தந்த காட்சிச்சாலைப் பாடம் இதுவே. ஜனங்கள் நடக்கும் வழியில் கலை போய் நிற்க வேண்டும்.

திருப்பூருக்கு என்ன வேண்டும்?

இனித் திருப்பூருக்கு வருவோம். அவ்வூரின் கதை நேற்றுத் தொடங்கியதன்று. நொய்யலின் கரையில் சென்னிமலைக்கு அணித்தாயுள்ள கொடுமணலில் பூமியைத் தோண்டிய ஆராய்ச்சியாளர்கள், மணி செய்த பட்டறைகளையும், இரும்பு உருக்கிய உலைகளையும், நூல் நூற்கும் தக்களி வில்லைகளையும் கண்டெடுத்தார்கள். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிக்கும் ஊர் இதுவே என்பது அவர்கள் கருத்து. 1925-ல் காந்தியடிகள் அகில பாரத சர்க்கா சங்கத்தை நிறுவிய பின்னர், அதன் தமிழ்நாட்டுக் கிளைக்குத் திருப்பூரே தலைமையிடமாயிற்று. கதர் மூட்டைகள் இங்கிருந்து ரெயிலேறின. 1932 ஜனவரி 10-ல் சென்னிமலை நெசவாளர் குடும்பத்துப் பிள்ளையாகிய குமரன், தடியடியில் மண்டை உடைந்து விழுந்தும் கையிலிருந்த கொடியை விடாமல் பிடித்திருந்து, மறுநாள் உயிர் நீத்தார். பின்னல் எந்திரங்கள் வந்தன. பனியன் கம்பெனிகள் பெருகின. 1970-களின் இறுதியில் ஐரோப்பிய வியாபாரிகள் நேராக இவ்வூரை நாடினார்கள். 1984-ல் பஞ்சப்படிக்காகத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது. 1990-ல் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றியது. சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்தது. 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தொட்டியாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது.

இத்தனையையும் ஒரு கட்டடத்தில் வைப்பதாக எண்ணிக்கொள்வோம். குக்கன்ஹைம் போல ஒற்றை வழி அமைத்தால் என்ன நேரும்? தக்களியில் தொடங்கி, குமரனின் கொடியைக் கடந்து, எந்திரத்தைத் தாண்டி, ஏற்றுமதி விருதுகள் அடுக்கிய ஒளிமிக்க கூடத்தில் கதை முடியும். கைராட்டினமும் தியாகமும் கப்பல் ஏறிய பெட்டிகளுக்கு முன்னுரையாகிவிடும். வேலைநிறுத்தம் ஒரு சிறு படமாக மூலையில் தொங்கும். ஆறு எங்கேயோ மறைந்துவிடும். ஒரு பொய்யும் எழுதாமலே பெரும் பொய்யைச் சொல்லிவிட முடியும். சுவரை இங்கே எழுப்பி வாசலை அங்கே வைத்தால் போதும்.

சபர்மதியைப் போல எங்கும் சுற்ற விட்டால் என்ன நேரும்? மெல்ட்டன் கண்ட உண்மையை நினைவு கூர்க. கால் சுலபமான வாசலை நாடும். கண்ணுக்கினிய துணிகளையும் ஓடும் எந்திரத்தையும் பார்த்துவிட்டு, ஆற்றின் அறைப் பக்கம் திரும்பாமலே பலர் போய்விடுவார்கள். பூரண சுதந்திரமும் சில உண்மைகளை அநாதையாக்கும்.

ஆகவே நாம் சொல்லும் யோசனை இது. நடுவே ஒரு திறந்த முற்றம் இருக்கட்டும். அதில் சென்னிமலைத் தறி ஒன்றும், வட்டப் பின்னல் எந்திரம் ஒன்றும் அருகருகே ஓடட்டும். தறியில் ஆயிரம் இழை சேர்ந்து துணியாவதையும், பின்னலில் நூல் கண்ணி கண்ணியாக வளைந்து தன்னையே பற்றிக்கொண்டு துணியாவதையும் குழந்தைகளும் கண்ணால் கண்டு அறிந்துகொள்ளட்டும். முற்றத்தைச் சுற்றிப் பருத்தி, கதர், எந்திரம், உழைப்பு என்று அறைகள் நிற்கட்டும். ஒவ்வோர் அறையிலும் நுழைந்தவன் முற்றத்துக்கே திரும்பி, அடுத்ததைத் தானே தேர்ந்துகொள்ளட்டும். பின்னல் துணியின் கண்ணியைப் போலச் சென்று திரும்பும் வழி அது. ஆனால் ஓர் அறை மட்டும் இந்த வரிசையில் இராமல், வெளியேறும் வழியின் குறுக்கே இருக்க வேண்டும். அது நொய்யலின் அறை. மற்ற அறைகளைப் பார்ப்பதும் பாராததும் அவரவர் இஷ்டம். நொய்யலைக் கடக்காமல் மட்டும் எவரும் வெளியேறலாகாது. மற்ற ஊர்களில் காட்சிச்சாலையின் கடைசி அறையாகக் கடையை வைக்கிறார்கள். திருப்பூரில் கடைக்குப் பஞ்சமில்லை.

துணிக்கு ஒளி பகை என்பதையும் மறக்கலாகாது. சாயமும் நூலும் வெளிச்சத்தில் கெடுமாதலால் பழந்துணிகளுக்கு 50 லக்ஸ் அளவுக்கு மேல் ஒளி கூடாதென்பது காட்சிச்சாலை நிபுணர் பின்பற்றும் விதி. வெளியே நண்பகல் வெயிலோ லட்சம் லக்ஸை எட்டும். வெயிலிலிருந்து நேராக அந்த இருட்டுக்குள் நுழைபவனுக்கு ஒன்றும் தெரியாது, அவன் திரும்பிவிடுவான். ஆமதாபாத்தில் 1949-ல் தொடங்கிய காலிகோ துணிக் காட்சிச்சாலையில், சிறு சிறு கூட்டமாக, வழிகாட்டியோடு மட்டுமே வெகுகாலமாக ஜனங்களை அனுமதித்து வந்தார்கள். துணிக்கு அது நல்ல காவல். ஆனால் ஆயிரக்கணக்கில் வரும் தொழிலாளருக்கு அம்முறை ஏற்காது. நம் கோயில்களே இதற்கு விடை சொல்கின்றன. கோபுர வாசல், மகாமண்டபம், அர்த்தமண்டபம், கர்ப்பக்கிருகம் என்று ஒளி படிப்படியாகக் குறைந்து, கண்ணும் அதற்கேற்பப் பழகி, அகல் விளக்கொளியில் மூர்த்தியை முழுமையாகக் காண்கிறது. பழந்துணி அறைக்கும் அவ்விதமே திண்ணை, தாழ்வாரம், உள்கூடம் என்று வழி வைக்கலாம்.

கடைசியாக, எவருடைய கால்களை எண்ணிக் கட்டப் போகிறோம் என்ற கேள்வி. வாரம் ஆறு நாளும் நின்றபடியே செக்கிங் செய்யும் பெண், ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு திரும்பும் டெய்லர், ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் வந்து இங்கே பிழைப்பவர் ஆகியோரே இக்காட்சிச்சாலையின் உண்மையான சொந்தக்காரர்கள். அவர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றே ஓய்வு. ஞாயிறன்று பூட்டிக் கிடக்கும் காட்சிச்சாலை அவர்களுக்கு இல்லாததற்குச் சமானம். நின்று நின்று சோர்ந்த கால்களுக்கு அறைக்கு அறை ஆசனம் வேண்டும். வாசல் தெரு மட்டத்தில் இருக்க வேண்டும். முன்கூடம் கட்டணமின்றித் திறந்து கிடக்க வேண்டும். ஹரிபுராவில் போலத் தெருவில் போகிறவனுக்கே பாதிக் கதை தெரிய வேண்டும். வடநாட்டிலிருந்து வந்தவருக்குத் தமிழ்ப் பலகை படிக்கத் தெரியாது. அவருக்குக் கட்டடமே வழிகாட்டி. முற்றத்தில் நின்றால் எல்லா வாசலும் கண்ணில் படுமாறு அமைத்துவிட்டால் அவர் எவரையும் கேட்க வேண்டியதில்லை.

கட்டடம் எழுந்த பிறகு சுவரை இடிப்பது கஷ்டம். காகிதத்தில் கோட்டை மாற்றுவது சுலபம். ஆகையால் கல் நடுவதற்கு முன்பே திருப்பூர்ப் பிரமுகர்களும் தொழிற்சங்கத்தாரும் நகரசபையாரும் ஒன்றுகூடி, வாசல் எங்கே, வழி எங்கே, ஆற்றின் அறை எங்கே என்று வாதிட்டுத் தீர்மானிக்கட்டும். அந்த விவாதத்தில் சிற்பிக்கு ஓர் ஓட்டு இருக்கட்டும். பனியன் கம்பெனிப் பெண்ணுக்கும் ஓர் ஓட்டு இருக்க வேண்டும். நடக்கப் போகிற கால்கள் அவளுடையவை.